செம்புக் கம்பியின் முதல் மீன்

தென் ஜெர்மனியில், போடன்சே ஏரிக்கரையில் ஒரு தூண்டில் கடை. எனக்கு ஏரியைக் காட்டக் கூட்டிவந்த அந்தோனி அண்ணை ஒரு மணி நேரமாக இந்தக் கடைக்குள்ளேயே நிற்கிறார். இலங்கையின் மன்னாரில் தூண்டில் தடியே இல்லாமல் மீன் பிடித்தவர். இங்கே, ஓடும் படகின் பின்னால் செம்புக் கம்பியை இழுத்துப்போய் ஆழத்து மீனைப் பிடிக்க அவருக்கு ஒரு தடி வேண்டும்.

"செம்பு கொஞ்சமும் நீளாது தம்பி. மீன் திமிறினா தடிதான் வளைஞ்சு குடுக்கோணும்."

எந்தத் தடி வளைகிறது என்று பார்க்க, கம்பியின் நுனியை என் தோள்பையில் கட்டுகிறார். "நீங்கள்தான் மீன். கதவடிக்கு ஓடுங்கோ."

ஓடுகிறேன். முதல் தடி விறைப்பாம். இரண்டாவது துவளுகிறதாம். கடைக்கார ஜெர்மன் அம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்து, எந்த மீனும் இவ்வளவு நேராகப் போகாது என்று கண்டிப்பாகத் திருத்துகிறார். மூன்றாவது தடிக்கு நெளிந்து நெளிந்து ஓடுகிறேன். வாசலில் ஐஸ்கிரீமோடு நிற்கும் குடும்பம் கைதட்டுகிறது.

"ஓம், இதுதான்!" அண்ணையின் முகம் மலர்கிறது.

மூச்சு வாங்கியபடி கேட்கிறேன்: "அண்ணே, செம்புக் கம்பியில இதுவரைக்கும் எத்தனை மீன் பிடிச்சிருக்கீங்க?"

என் பையிலிருந்து முடிச்சை நிதானமாக அவிழ்க்கிறார்.

"உங்களோட சேத்து, ஒண்டு."