பயந்தாங்கொள்ளி மாரிமுத்து அண்ணன்

லீவு முடிந்து வந்திறங்கி, ஜித்தா ஷரஃபியாவில் ஒரு ஓட்டலில் கம்பெனி வண்டிக்காகக் காத்திருந்தேன். ரூமில் கூட இருக்கும் சேகர் போனில் அழைத்தான்.

"மாரிமுத்து அண்ணே போயிட்டாருடா. குழிச் சுவரு சரிஞ்சிருச்சு."

தோசைத் தட்டைத் தள்ளி வைத்தேன். என்னையும் அந்தக் குழிக்குத்தான் வண்டி கொண்டுபோகும்.

வடமேற்குப் பாலைவனத்தில் புதைந்து கிடக்கும் ரோமானிய மாகாண ஊர் ஒன்றைத் தோண்டுவது எங்கள் வேலை. முதுகுளத்தூர் பக்கத்து மாரிமுத்து அண்ணன் எங்களுக்கெல்லாம் முன்பே வந்தவர். நான் சேர்ந்த அன்றே, "தம்பி, குழிக்குள்ள குந்தாத. எந்திரிச்சு ஓட நேரமிருக்காது" என்றார்.

"வீட்டுல அண்ணியப் பாத்தும் இப்படித்தான் பயமாண்ணே?" என்று சேகர் சீண்டுவான்.

"அவ சரிஞ்சு விழமாட்டாடா."

வெட்டிய மண்சுவரைச் செங்குத்தாக விட்டு, தண்ணீர் தெளித்துப் படமெடுப்பார்கள். ஈரத்தில்தான் காலத்துக்கொரு நிறமாகப் படிந்த மண் அடுக்குகள் தெரியும். குழி ஆளுயரத்தைத் தாண்டியதும் அண்ணன் பலகை முட்டுக் கேட்டார். பலகை அடுக்கை மறைத்துவிடுமாம். "பலகா மாஃபி, பாய். போட்டோ கராப். யல்லா, ஜல்தி!" என்றார் சூப்பர்வைசர். பலகை கிடையாது, படம் கெட்டுவிடும், சீக்கிரம் இறங்கு என்று அர்த்தம்.

பக்கத்திலேயே ரோமானியன் கட்டிய மதிலுக்கு மரமுட்டு இருந்தது. மேலே நிழல்வலையும் இருந்தது. அதைத் தோண்டுகிறவனுக்குத் தலையில் ஒரு துண்டு.

அதன்பிறகு, படமெடுத்து முடித்த ஒவ்வொரு முறையும் அண்ணன் எங்களைப் பேர் பேராகக் கூப்பிட்டு மேலே ஏற்றினார். "காயறப்பதான்டா உதிரும். காஞ்சு முடியட்டும்." பயந்தாங்கொள்ளி அண்ணனுக்கு ஒதுங்கி நிற்க ஒரு சாக்கு என்று நாங்கள் சிரித்தோம். சூப்பர்வைசர் திட்டினார். அண்ணன் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

ராத்திரி வண்டி என்னை ரூமில் கொண்டுவந்து விட்டதும் சேகர் நடந்ததைச் சொன்னான். நேற்றும் கூப்பிட்டிருக்கிறார். புதிதாக வந்திருந்த, தமிழ் தெரியாத பீகார்க்காரர் மட்டும் மதிலடியில் குனிந்து கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏணி வைத்து அண்ணன் இறங்கினார். பீகார்க்காரரின் இடுப்பைப் பிடித்து ஏணியில் தள்ளி ஏற்றினார். தான் ஏறுவதற்குள் மண் வந்துவிட்டது.

இன்று காலை எங்களை ஏற்றிவந்த பஸ் சைட்டில் நின்றது. சரிந்த மண்ணை அள்ளிவிட்டிருந்தார்கள், குழி படமெடுக்கத் தயாராகச் சுத்தமாக இருந்தது. "யல்லா!" என்றார் சூப்பர்வைசர். பீகார்க்காரர் எழுந்துபோய்ப் பஸ் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். யாரும் இறங்கவில்லை. ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவதாக வெளியிலிருந்து கத்துகிறார்கள். அனுப்பவும் செய்வார்கள்.

அண்ணே, பலகை வரும்வரை நாங்கள் இறங்கமாட்டோம். நீங்கள் போய் வாருங்கள்.