மச்சான் எடுத்துத் தரும் கோட்டு

லியோன் பிறந்த கடற்கரை ஊரில் ஓர் ஆண்பிள்ளை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் கோட்டு போடுவான். கல்யாணத்துக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று. முதல் தடவை நிற்கவைத்துப் போட்டுவிடுவார்கள், இரண்டாம் தடவை படுக்கவைத்து. இரண்டையும் எடுத்துத் தர வேண்டியது பெண் வீட்டார். மாமனார் இருந்தால் மாமனார், அவர் போய்ச் சேர்ந்திருந்தால் மச்சினன்மார். போடப்போகிறவன் இதில் வாயைத் திறக்க இடமில்லை. கல்யாணத்தன்று திறந்தால் மரியாதை கெட்டவன் என்பார்கள். அடக்கத்தன்று திறந்தால் ஊரே ஓடிவிடும்.

லியோன் இதில் ஏற்கெனவே ஒரு தடவை சூடுபட்டவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால், தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் அவர் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கரை இறங்கினார். மாமனார் இல்லாத வீடு. மணப்பெண் விக்டோரியாவின் அண்ணன் குரூஸ் கோட்டெடுத்து ரெடியாக வைத்திருந்தார். செங்கல் சூளையில் பாதி வெந்த கல் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். தோள் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது. கைநீளம் விரல்நுனியைத் தாண்டிப் போனது. அந்தக் கோலத்தில் எடுத்த போட்டோ இன்றைக்கும் தச்சநல்லூர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. மகள் ஜாய்சி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒங்களுக்குக் கையி எப்ப மொளச்சுது?" என்று கேட்டாள். லியோன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. லியோனுக்கு விஷயம். மனிதர் உடுப்பு விஷயத்தில் அப்படி ஒரு ராங்கிக்காரர். தோணியை விட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனபிறகு, அந்தரத்தில் தொங்கும் கூண்டுக்குள் காக்காயைத் தவிர யாரும் பார்க்காத இடத்தில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்து கொள்கலன் தூக்கினார். ரிட்டயர் ஆகி, மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்று தச்சநல்லூரில் வீடு வாங்கி வந்த பிறகும், காலரில் சுருக்கம் இருந்தால் ஞாயிறு பூசைக்குப் போகமாட்டார். கடவுள் மன்னிப்பார், பார்க்கிறவன் மன்னிக்க மாட்டான் என்பது அவர் கட்சி.

சும்மா கிடந்தவரைக் கிளப்பிவிட்டது கஸ்பாரின் அடக்கம். கஸ்பார் துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர். பெட்டிக்குள் படுத்திருந்தவருக்கு அவர் மச்சினன் எடுத்துவந்தது வெளிர்நீலத்தில் பளபளவென்று ஒரு கோட்டு. மேஜிக் காட்டுகிறவன்கூட யோசித்துத்தான் போடுவான். கையில் பிடித்திருந்த ஜெபமாலை கோட்டுக் கைக்குள் போய்விட்டது, வெளியே சிலுவை மட்டும் எட்டிப் பார்த்தது. பாவம், கஸ்பாரால் இழுத்துவிட்டுக்கொள்ளவும் முடியாது. பெண்டுகள் அழுதுகொண்டே ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

லியோன் தன் அடக்கத்தை நினைத்துப் பார்த்தார். தனக்கும் எடுக்கப்போவது யார்? அதே குரூஸ் மச்சான்.

"ஒரே ஆளு என்னைய ரெண்டு தடவ கோமாளி ஆக்க விட மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். "என் கோட்ட நானே பாத்து எடுக்கப் போறேன்."

"உசுரோட இருக்கையிலயே சாவுக்குத் துணி எடுக்கப் போறாராம். இந்த அநியாயம் எங்கயாவது உண்டா?" என்று விக்டோரியா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "நீங்களா எடுத்தா எங்கண்ணன் மொகத்த எங்கன கொண்டு வைக்கும்? எங்க வீட்டுக்கு வக்கில்லன்னு ஊரு பேசாதா?"

அதுவும் நியாயம்தான். எனவே லியோன் ஒரு வழி கண்டுபிடித்தார். மச்சானையே கடைக்குக் கூட்டிப்போவது. எடுக்கிறவர் அவர், பார்த்துச் சொல்கிறவர் இவர். வழக்கமும் கெடாது, மானமும் கப்பலேறாது. போனில் இதைச் சொன்னபோது குரூஸ் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ, "எந்தக் கடைக்கி மாப்ள? காலைலயே வந்துரட்டா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சவத்துக்குத் துணி எடுக்க இவ்வளவு ஆசையா என்று லியோனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

குரூஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊரில் வலைக்கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் சின்னக் கடை. தகப்பன் சீக்கிரம் போய்விட, மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றியவர் அவர்தான். மூன்றாவது ஏறி முடிந்தபோது தலை நரைத்துவிட்டது. அவருக்கென்று பெண் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "குரூஸு தங்கமான மனுசன்லா" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒருத்தனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க மறந்துபோனால் ஊர் இப்படித்தான் ஏதாவது பட்டம் கொடுத்து அனுப்பிவிடும்.

வண்ணார்பேட்டையில் ஏசி போட்ட அந்த ஜவுளிக்கடையின் கோட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்வது மேலப்பாளையத்து மதார். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. இரண்டு பெரியவர்களையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கா? கல்யாணம் என்னைக்கு?"

"தேதி இன்னும் முடிவாகல" என்றார் லியோன்.

"நல்ல காரியம். எவ்வளவுக்குள்ள பாக்கணும்?"

"எட்டாயிரத்துக்குள்ள" என்று லியோனும், "வெல கெடக்கட்டும்" என்று குரூஸும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

லியோன் சும்மா வந்திருக்கவில்லை. ஒரு மாதமாக யூடியூபில் கோட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். தோள்தையல் தோளெலும்பில் நிற்க வேண்டும், சட்டைக்கை அரை இஞ்சு வெளியே தெரிய வேண்டும் என்று மதாருக்கே பாடம் நடத்தினார். மதார் பொறுமைசாலி. துணியைக் கசக்கிக் காட்டினார், விட்டதும் சுருக்கம் மறைந்தது. இன்னொன்றைக் கசக்கினார், அது கசங்கியே கிடந்தது. "கசங்கினது முழுக்க பருத்தி. கசங்காதது கம்பளி கலந்தது, ரெண்டாயிரம் கூட. ஆனா வருசக்கணக்கா வரும்."

"அவ்வளவு நாளு வேண்டாம்" என்றார் லியோன். "ஒரு நாளு வந்தாப் போதும்."

கருநீலத்தில் இரண்டு பொத்தான் கோட்டு ஒன்று லியோனுக்குப் பிடித்துப்போனது. அடக்கமான துணி, மினுக்கம் இல்லை. குரூஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னவே இது? எளவு வீட்டுக்குப் போற மாரி இருக்கு."

"எளவு வீட்டுக்குத்தானவே!"

மதாரின் கை நாடாவோடு அப்படியே நின்றுவிட்டது. லியோன் அதைக் கவனிக்கவில்லை. கோட்டை மாட்டிக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். நின்று பார்த்தாயிற்று. ஆனால் இந்தக் கோட்டு நிற்பதற்கா எடுப்பது? அங்கே வாடிக்கையாளர்களுக்காக ஒரு நீளச் சோபா கிடந்தது. லியோன் பைய அதில் மல்லாந்து படுத்து, காலை நீட்டி, கைகளை நெஞ்சின் மேல் கோத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"யா அல்லா! அண்ணாச்சி, மயக்கமா? யாராவது தண்ணி கொண்டாங்க!" என்று மதார் பதறிப்போனார்.

"ஒண்ணுமில்ல தம்பி, பொருத்தம் பாக்காரு" என்றார் குரூஸ்.

"காலரு ஏறுதா மச்சான்?" என்று கண்ணைத் திறக்காமலே லியோன் கேட்டார்.

"காது வரைக்கும் ஏறிட்டுவே. தலையணைக்குள்ள ஆமை படுத்திருக்க மாரி இருக்கீரு."

பக்கத்தில் சட்டை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் மதார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். சிரிக்கவும் முடியவில்லை அவருக்கு, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அண்ணாச்சி, கோட்டுங்கறது நிக்க ஆளுக்குத் தைக்கது. படுத்தா ஏறத்தான் செய்யும். எங்கள்ல பாருங்க, மூணு துண்டு வெள்ளைத் துணி. தையலே கெடையாது. கலரு, அளவு, ஒரு வம்பும் இல்ல."

"கொடுத்துவச்சவன்வே நீரு" என்று லியோன் மனசார சொன்னார்.

மதார் யோசித்து, அதே கருநீலத்தில் கழுத்து இறக்கமாக வெட்டிய இன்னொரு மாடலை எடுத்துத் தந்தார். லியோன் அதோடு போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனார். கால்சட்டை வேண்டுமா, இடுப்புக்குக் கீழே பூ போட்டு மூடிவிடுவார்களே, கோட்டு மட்டும் எடுத்தால் மூவாயிரம் மிச்சமாகுமே என்று உள்ளே நின்று கணக்குப் போட்டார். வேண்டாம், கால்சட்டை இல்லாமல் மேலே போய் என்னவென்று சொல்வது என்று முடிவுகட்டிக் கதவைத் திறந்தார்.

கண்ணாடி முன்னால் குரூஸ் நின்றுகொண்டிருந்தார். வேட்டிக்கு மேலே ஒரு கோட்டு. காவியும் பழுப்புமாக, லியோனின் கல்யாணக் கோட்டுக்கு இருந்த அதே பாவப்பட்ட நிறம். பொத்தான் இரண்டையும் போட்டிருந்தார். ஒரு கையை மெதுவாக உயர்த்தி, கழுத்துப் பட்டையை விரலால் நீவிவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு, கல்யாணப் பந்தலில் நிற்கிற பையனுக்கு வருமே, அது. லியோன் வந்தது தெரியவில்லை.

"அண்ணாச்சிக்கு அளவெடுத்துத் தச்ச மாரில்லா இருக்கு" என்றார் மதார்.

இருந்தது. தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் நின்றது. லியோன் அந்தத் தோளையே பார்த்தார். ஹாலில் தொங்கும் போட்டோவில் தன் மேல் சரிந்து கிடப்பது யாருடைய தோள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மச்சான், என் கல்யாணக் கோட்ட யாரு போட்டுப் பாத்தா?"

குரூஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். களவாணிப் பையன் போல் பொத்தானைக் கழற்றப் போனார்.

"நீரு தோணியில கெடந்தீரு. அளவு இல்லாம எப்பிடித் தரன்னு கடக்காரன் கேட்டான். நாந்தான் போட்டுக் காட்டுனேன்." பொத்தானை விட்டுவிட்டுக் கோட்டுக்கையைத் தடவினார். "ரொம்ப நேரம் போட்டுட்டே நின்னேன்வே. கழத்த மனசில்ல. பெறகு கடக்காரன், மாப்பிள்ள கோட்டு அழுக்காயிரும், கழத்தும்னான். கழத்திட்டேன்."

லியோனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன் மேல்தான். நாற்பது வருஷமாக இந்த மனுஷனை ரசனை கெட்டவன், அக்கறை இல்லாதவன் என்று திட்டித் தீர்த்தாயிற்று. கல்யாணம் ஆகாதவனுக்குப் பெண் வீடு ஏது? பெண் வீடு இல்லாதவனுக்குக் கோட்டு எவன் எடுப்பான்? முதல் கோட்டும் இல்லை, கடைசிக் கோட்டும் இல்லை. ஊர் வழக்கத்தில் இவருக்கென்று ஒரு பொத்தான்கூட இல்லை. இது இத்தனை நாளாக ஒருத்தன் மண்டையிலாவது ஏறியதா?

"கழத்தாதீரும்" என்றார் லியோன். "மதாரு, இதுக்குப் பில்லப் போடும். கால்சட்டையும் சேத்து."

"கூறுகெட்டுப் போச்சா மாப்ள? எனக்கு என்னத்துக்கு? எனக்கு யாரு பொண்ணு குடுத்தா, கோட்டெடுக்க?"

"பொண்ணு குடுத்த வீடு இல்லன்னா என்னவே? ஒம்ம வீட்ல பொண்ணெடுத்தவன் நான் இருக்கேம்லா!"

கடை அதிரக் கத்தியதில் கேஷியர் எழுந்து பார்த்தார். குரூஸ் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், கோட்டுக்கையில் பட்டுவிடாமல் வேட்டி நுனியால். மச்சானுக்குக் குறைந்தால் கொடுக்கலாம் என்று லியோன் கொண்டுவந்த காசு அந்த ஒரு கோட்டோடு சரியாகப் போயிற்று. கருநீலம் தன் கொக்கிக்கே திரும்பிப் போனது.

"போட்டுட்டே வாரும்" என்றார் லியோன்.

"செத்த பெறகு போடுததுக்குத்தான எடுத்தோம்?"

"செத்த பெறகும் போட்டுக்கிடும்."

வைகாசி வெயிலில், புதுக் கோட்டு கால்சட்டையோடு குரூஸ் டவுன் பஸ் ஏறினார். இந்த ஊரில் பஸ்ஸில் கோட்டு போட்டவன் ஏறினால் அவன் சத்துமாவு டப்பா விற்று ஆள் சேர்க்கிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துச் சீட்டு அம்மாள் மடிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நாங்க முன்னயே ரெண்டு டப்பா வாங்கி அப்பிடியே கெடக்கு. ஆளு சேக்கவும் எனக்கு முடியாது" என்றாள் முன்கூட்டியே.

"சரி தாயி, பரவால்ல" என்றார் குரூஸ் கம்பீரமாக. வேர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது. அதை அவர் சட்டை செய்யவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. "மாப்ள, ஒமக்கு எடுக்காம வந்துட்டமே!"

"எனக்கு எடுக்கத்தான் நீரு இருக்கீரே."

"நான்லா மூத்தவன்?"

"அதுக்காக முந்தாதீரும். எனக்கு எடுத்துத் தந்துட்டுப் போவும்."

குரூஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கலரு?"

"ஒமக்குப் பிடிச்சத எடும். நான் பாக்கவா போறேன்?"

"அளவுக்கு என்னவே செய்ய? அன்னைக்கும் நீரு கடைக்கி வர முடியாதே."

லியோன் எட்டி, மச்சானின் காலரில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவிவிட்டார்.

"நீரே போட்டுப் பாத்து எடும் மச்சான்" என்றார். "அவசரமில்ல, நின்னு நிதானமாப் பாரும். எவன் கழத்தச் சொன்னாலும் கழத்தாதீரும்."