மதியத்துக்கு முன் ஊற்றிய நீலம்

யாராவது இன்னொருவரைப் புகழ்ந்தால் அசரியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கல்யாணமான முதல் வருஷமே ஜெரூஷா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். சபையில் புதிதாக வந்தவர் நன்றாகப் பாடுகிறார் என்றாள்; கண்ணாடி கழன்றது. எதிர்வீட்டு கேட்டுக்கு அடித்த பச்சை எடுப்பாக இருக்கிறது என்றாள், கழன்றது. இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாறியும் பழக்கம் மாறவில்லை. "போதுங்க, தேச்சுத் தேச்சு பவரே எறங்கிடப் போகுது" என்பாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியாது.

பதினாறு வயதில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கார் பெயின்டிங் பட்டறையில் சேர்ந்தவர் அவர். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பழைய நிறமும் புது நிறமும் சேருகிற இடம் தெரியாமல் அடிக்க வேண்டும். ஐந்து வருஷ வெயிலில் ஒரு சிவப்பு எவ்வளவு வெளுத்திருக்கும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். துளி கறுப்பு, துளி மஞ்சள் விட்டு அதையே டப்பாவில் கொண்டுவந்துவிடுவார். ஆனால் அந்தத் தொழிலில் வேலை சரியாக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது. பட்டால் திட்டுதான். இருபது வருஷம் அப்படிக் கண்ணில் படாமலே உழைத்தார்.

பிறகுதான் தினகரன் வந்தான். மாடம்பாக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. வயலெல்லாம் மனைகளாகிப் போக, மிஞ்சிய துண்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அலைச்சறுக்குப் பலகை செய்யத் தொடங்கியிருந்தான். கோவளத்தில் அலைமேல் நிற்கக் கற்றுக்கொண்ட பைத்தியம். தெர்மாகோல் மாதிரியான நுரைப் பலகையை இழைத்து வடிவம் கொடுப்பது அவனுக்கு வரும், நிறம் வராது. "அண்ணே, நான் அடிச்சா ஸ்கூல் பெஞ்சு மாதிரி கீதுண்ணே. நீ வந்து பாரேன்" என்று அசரியாவைக் கூட்டிப்போனான்.

முதல் பலகைக்கு அவர் கார் பெயின்டைத்தான் அடித்தார். நாலு நாள் உப்புத் தண்ணீரில் உரிந்துவிட்டது. நிறத்தை மேலே பூசக் கூடாது, மேலே ஊற்றி இறுக வைக்கிற ரெசின் பிசினிலேயே கலந்து ஃபைபர் துணிக்குள் இறக்க வேண்டும் என்று பல பலகைகளைக் கெடுத்த பிறகு பிடிபட்டது. இறங்கிய நிறம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் வெளிச்சத்தை வாங்கி நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேலை நாலு பேர் கண்ணில் பட்டது. கோவளத்துப் பையன்கள் "அசரியா அண்ணா கலர்" என்று பெயரே வைத்தார்கள். எட்டு வருஷம் அந்தப் பெயருக்குப் போட்டி இல்லை.

ஒன்பதாவது வருஷம் ஓவியா வந்தாள். பொத்தேரிப் பக்கம் வீடு, அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நுண்கலை படித்துவிட்டு வேலை தேடித் தேடிக் கடைசியில் இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அசரியா ஒரே நிறத்தை ஓரம் பிசகாமல் ஊற்றுவார். அவளோ மூன்று டம்ளரில் மூன்று நிறம் கலந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சரித்து, ரப்பர் தகட்டால் ஒரே இழுப்பு இழுப்பாள். அலை உடைகிற கணம் பலகையில் அப்படியே நிற்கும். வாங்கியவர்கள் அவள் பலகைகளைப் படம்பிடித்து நெட்டில் போட்டார்கள். கேட்டு வருகிறவர்கள் "அந்தக்கா இருக்காங்களா?" என்றார்கள். அசரியாவின் கண்ணாடி அந்த வருஷம்போல் என்றும் சுத்தமாக இருந்ததில்லை.

சித்திரை மாதத்தில் மிருதுளா என்ற கோவளத்துப் பெண் போட்டிக்குப் போகப் பலகை சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை ரயில். "ஓவியாக்காதான் ஊத்தணும்" என்று நிபந்தனை வேறு. தினகரன் அசரியா முன்னாலேயே சொன்னான்: "இது மட்டும் நல்லா வந்துச்சு, அடுத்த மாசத்துலேர்ந்து கலர் ரூமு உன்னுதுதான்மா. அண்ணன் கூடமாட இருப்பாரு."

கூடமாட! திங்கட்கிழமை காலை பதினோரு மணிவரை அந்தச் சொல் அசரியாவின் காதை விட்டுப் போகவில்லை.

அன்று தினகரன் கோவளத்தில் இருந்தான். இழைப்பு வேலை இல்லாததால் கொட்டகை தூசியில்லாமல் கிடந்தது. எப்போதும் அங்கே நிறம் ஊற்றுவது சாயங்காலம்தான். ஏன் என்று வேலைக்கு வந்த புதிதில் ஓவியா கேட்டிருந்தாள். "தூசி அடங்கணும்ல" என்று அசரியா சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. மீதியை எட்டு வருஷத்தில் அவர் யாருக்கும் சொன்னதில்லை. நுரைப் பலகைக்குள் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏற அது விரிந்து வெளியே வரும். மேலே ஈர ரெசின் இருந்தால் அதைக் குமிழாக ஊதிக்கொண்டு வரும். மதியம் கடல்காற்று ஏறித் தகரம் ஆறத் தொடங்கிய பின் ஊற்றினால், காற்று உள்ளே சுருங்கும். ரெசினும் சமர்த்தாக இறங்கும்.

"அண்ணா, இன்னிக்குத் தூசியே இல்லல்ல? இப்பவே ஊத்திட்டா நாளைக்குக் காலைல தேய்ச்சிடலாம். ஊத்தட்டா?"

அசரியா வேறொரு பலகையிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ம்."

அவ்வளவுதான் சொன்னார். அவள் ரெசினை எடுத்தாள். இப்போதும் சொல்லலாம் என்று நினைத்தார். அதை இறுக வைக்கிற ஹார்டனரை அளந்து விட்டு, குச்சியால் நிதானமாகக் கலக்கினாள். இப்போதுகூடச் சொல்லலாம், ஒரு வார்த்தைதான். தலைக்கு மேல் தகரம் சூட்டில் விரிந்து படபடத்தது. அவள் முதல் நீலத்தைச் சரித்தாள்.

அந்த மாதிரி நீலத்தை அசரியா பார்த்ததில்லை. கரையோரத்துப் பச்சை கலந்து, நடுவில் ஆழம் காட்டி, ஓரத்தில் நுரை வெளுத்து ஓடியது. கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டே நின்று பார்த்தார். தன்னால் இது ஆகாது என்பது நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் தெரிந்தது. 

பத்து நிமிஷத்தில் பலகையின் மூக்குப் பக்கம் முதல் குமிழ் வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவரே பயந்துபோனார்.

ஓவியா தகட்டால் அழுத்தினாள். ஒன்று போக நாலு வந்தது. "அண்ணா, இன்னாண்ணா ஆவுது, இங்க பாருங்களேன்!" என்று கத்தியபடி ஓடி ஓடி அழுத்தினாள். அவரும் ஓடிவந்து ஒரு தகட்டை எடுத்து அழுத்தினார். அதனால் பயனில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மாலை தினகரன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். "இன்னாம்மா இது, பலகைக்கு அம்மை வார்த்த மாதிரி கீது! காலேஜில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

இப்போது சொல்லப்போகிறாள் என்று அசரியா காத்திருந்தார். அண்ணாவைக் கேட்டுத்தான் ஊற்றினேன் என்று அவள் சொல்லியிருந்தால், அவரும் சண்டைபோட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் சொன்னது வேறு: "நான்தான் சார் கலக்குறதுல ஏதோ தப்பு பண்ணிட்டேன். அண்ணா எவ்ளோ ட்ரை பண்ணாங்க, பாவம்."

மிருதுளா பழைய பலகையோடு ரயிலேறினாள். ஓவியா இரண்டு நாள் உட்கார்ந்து அந்த நீலத்தைத் தேய்த்து எடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டம்ளரைக் கலக்கும்போதும் அவள் கை தயங்கியது. ஆடி பிறக்குமுன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க இல்லன்னா இவ்ளோகூடக் கத்துக்கிட்டிருக்க மாட்டேண்ணா" என்றாள். அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று எதையும் அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

கலர் ரூம் அசரியாவிடமே இருக்கிறது. ஒரு "ம்" எப்படிப் பொய்யாகும் என்று சில நாள் தனக்குத்தானே வாதாடினார். பொய் இல்லைதான். அப்படியென்றால் அதன் பெயர் என்ன? ஜெரூஷாவிடம் சொல்லலாமென்று ஒருநாள் வாயெடுத்தார். பிறகு காபியில் சர்க்கரை குறைவு என்றார்.

போன மாதம் ஓவியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் காலையில் மொட்டைமாடியில் மரத் தட்டுகளுக்கு நிறரெசின் ஊற்றிப் பழகுகிறாளாம். படமும் அனுப்பியிருந்தாள். நீலத்தில் அதே குமிழ்கள். மரத்துக்குள்ளும் காற்று உண்டு. கீழே எழுதியிருந்தது:

"அண்ணா, அன்னைக்கு வந்த அதே தப்பு இப்பவும் வருது. அளவெல்லாம் மாத்திப் பாத்துட்டேன். எனக்கு இது வராதுன்னு விட்டுடலாமான்னு இருக்கு. எதனாலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வெயில் ஏறும்போது ஊற்றாதே, இறங்கும்போது ஊற்று. மூன்று தடவை தட்டினார், மூன்று தடவையும் அழித்தார். இதை அனுப்பினால், அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

இன்றுவரை அவர் பதில் அனுப்பவில்லை.