கார் வாஷுக்குப் பின்னால் நீட்டிய சிகரெட்

என் கையெழுத்து கோழி கிளறிய மண்போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு பேனா பிடித்ததெல்லாம் படிவங்களில் கையொப்பம் போடத்தான். பேசவும் எனக்கு வராது. நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். வாயால் சொல்ல முடியாத ஒன்று உள்ளே கிடப்பதால் எழுதிவைக்க இந்தக் கொப்பியை எடுத்தேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனில், ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்கிறேன். பதினொரு வருடமாக அதே இடம்தான். எனக்கு முன்பே அங்கே வேலைக்கு வந்தவர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். பம்புகளுக்குப் பக்கத்தில் புகைக்கக் கூடாது. ஆகவே மனேஜர் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் பத்து நிமிட இடைவேளையில் நாங்கள் இருவரும் கார் வாஷுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் நிற்கும் இடத்துக்குப் போவோம். பேச்செல்லாம் அவருடையது. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கையில் சிகரெட் இருந்தால் ஒருவன் பேசாமல் நிற்பது யாருக்கும் குறையாகத் தெரியாது. என்னைப்போல் கூச்சமுள்ளவனுக்கு அது பெரிய வசதி.

ஒரு கோடையில் அண்ணைக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். சிகரெட்டை உடனே நிறுத்தச் சொன்னார்கள். புகையை விட உதவும் நேர்ஸ் ஒருவர் அவருக்கு வேப் என்கிற மின்சிகரெட் ஒன்றும், அதற்கு ஊற்றும் திரவமும் கொடுத்தார். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அண்ணை என்னைக் கார் வாஷுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் விடப்போறன்."

"நல்லம் அண்ணை."

"என்ன நல்லம்? நீயும் விடோணும்."

"எனக்கு நெஞ்சு ஒண்டும் நோகேல்லையே."

"நொந்தாப் பிறகுதான் விடுவனெண்டால், ஆஸ்பத்திரியிலை என்ரை கட்டில் இன்னும் சூடாத்தான் கிடக்கு, போய்ப் படு." சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "பகிடி இல்லை. நீ பக்கத்திலை நிண்டு ஊத, நான் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. நீ விட்டாத்தான் நான் விடுவன். சத்தியம் பண்ணு."

அவர் நீட்டிய கையில் என் கையை வைத்தேன். அவருக்கு முன்னாலேயே பாதிப் பைக்கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

வேப்புக்கு மாறினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அது பெரிய பிழை. நிக்கோட்டின் பலம் கூடிய திரவம் உடம்புக்குக் கூடாது என்று நானே முடிவுசெய்து, இருப்பதிலேயே பலம் குறைந்ததை வாங்கினேன். சிகரெட்டை இழுப்பதுபோலப் பலமாக இழுத்து இருமினேன். காலைத் தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் விரல்கள் தாமாகவே சட்டைப் பையைத் தேடின. சாப்பிட்ட பிறகு வாய் எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், ஐந்து பவுண்டு சில்லறை கொடுக்க வேண்டிய இடத்தில் பத்தைக் கொடுத்து, பிறகு அந்த வாடிக்கையாளரிடமே எரிந்து விழுந்தேன்.

அண்ணைக்கு விஷயம் விளங்கியது. "எங்கை, உன்ரை போத்திலைக் காட்டு," என்றார். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "உது தண்ணியடா. பசிச்சவனுக்குக் கஞ்சித்தண்ணி குடுத்தா அவன் சோத்துப் பானையைத்தானே தேடுவான்? முதல்லை வயிறு நிறைய வேணும். பிறகு குறைக்கலாம். நேர்ஸ் சொன்னது."

அவர் சொன்ன பலத்தில், மாம்பழ வாசனையுள்ளதை வாங்கினேன். மெல்ல இழுக்கப் பழக்கினார். தவிப்பு வந்தால் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தப் பத்து நிமிடத்துக்கு வேலையும் தந்தார்: ஒரு குவளை தண்ணீர், நாலு சீரகம், கார் வாஷுக்குள் போகும் கார் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது. கார் வெளியே வரும்போது தவிப்பு பாதியாகிவிடும். இது உண்மை. நான் அனுபவித்தது.

கடினமானது வேறு ஒன்று. என் முதுகுக்குப் பின்னால் சிகரெட் அலுமாரி. யாராவது கேட்கும்போதெல்லாம் அதன் கதவை நகர்த்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். கதவு திறந்ததும் புதுப் பைக்கட்டுகளின் வாசனை வருவதாக எனக்குத் தோன்றும். ஒரு நாளைக்கு நூறு தடவை நான் கதவைத் திறந்து, நூறு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் என் மனைவிக்குச் சந்தோஷம். "வீடு முழுக்க மாம்பழம் மணக்குது, ஒரு மாம்பழத்தையும் காணேல்லை," என்று பகிடி பண்ணுவாள்.

அண்ணைக்கு ஐந்தாம் வாரத்தில் மூக்கு திரும்பி வந்தது. அதை ஒரு பிள்ளை பிறந்ததுபோலக் கொண்டாடினார். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்பே, "கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு சின்னத் துண்டுக் கருவாடு," என்று கல்லாவில் நின்றபடியே சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஏழாம் வாரம் அவர் வீட்டுக்கு வர்ணம் பூச ஐந்து நாள் லீவு எடுத்தார். போகும்போது, "ஏலாமல் வந்தா போன் அடி, வெக்கப்படாதை," என்றார். இரண்டாம் நாள் ஏலாமல் வந்தது. மழை, நீண்ட வரிசை, ஒரு மனிதர் தன் காரின் கோபத்தை என்மேல் காட்டிவிட்டுப் போனார். போனை எடுத்தேன். என்ன சொல்வது? ஐம்பதை நெருங்கும் ஒருவன் இன்னொருவரை அழைத்து, எனக்கு ஒரு சிகரெட் வேண்டும்போல இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? போனைப் பைக்குள் வைத்தேன். அலுமாரிக் கதவை நகர்த்தி எனக்கு நானே ஒரு பைக்கட்டு விற்றேன். வாங்குபவரின் வயதைப் பார்த்தாயா என்று கல்லா இயந்திரம் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அந்த வாரம் முழுவதும் புகைத்தேன். அண்ணை வருவதற்கு முன் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவர் வந்த அன்றும் பைக்கட்டு சட்டைப் பையில் இருந்தது. இடைவேளைக்கு அவருக்கு முன்பே போய், அவசரமாக ஒன்றைப் பற்றவைத்தேன். இரண்டு இழுப்பு முடிவதற்குள் அவர் வந்துவிட்டார். சிகரெட்டை உள்ளங்கைக்குள் பொத்தினேன்.

"என்ன கையைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்? குருவி பிடிச்சனியோ?"

உள்ளங்கை சுட்டது. விரித்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. சிரித்தபடி, "வாசலிலையே மணத்தது. எறி உதை. நாளைக்குத் திருப்பித் துவங்குவம்," என்றார்.

இனி எழுதுவதுதான் இந்தக் கொப்பியை நான் எடுத்ததற்குக் காரணம். நான் அதை எறியவில்லை. என் முகம் எரிந்துகொண்டிருந்தது. நான் மட்டும் தோற்றவனாக, அவர் சுத்தமானவராக, அப்படி நிற்க என்னால் முடியவில்லை. மற்றக் கையால் பைக்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒண்டுதான் அண்ணை. ஒண்டிலை என்ன வரப்போகுது?"

அவர் என்னிடம் சிகரெட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்தது இரக்கம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். என் வெட்கத்துக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் பைக்கட்டைப் பார்த்தார், கார் வாஷைப் பார்த்தார். அன்று அதற்குள் கார் எதுவும் இல்லை. பிறகு ஒன்றை எடுத்தார். பற்றவைத்தார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு இருவரும் வேலையில் நாளுக்கு இரண்டு மூன்று புகைத்தோம். "வீட்டிலை மாம்பழம், வேலையிலை புகையிலை. ரெண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி," என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். தன் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டதாக அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் என்னைக் கண்டபோது, "நீங்கள் கூட நிண்டபடியாத்தான் அவர் விட்டவர்," என்று நன்றி வேறு சொன்னார். நான் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளிர்காலத்தில், காலை ஷிப்டுக்கு வரும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் அண்ணை விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. அந்தச் சிகரெட்டுகளால்தானா என்று எனக்குத் தெரியாது. இருதயம் முன்பே பழுதானது என்றார்கள். இல்லை என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவும் முடியாது.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, செத்தவர் விரும்பியதையெல்லாம் வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். ஆட்டிறைச்சி, நண்டு, முட்டை, ஒரு சின்னப் போத்தில் விஸ்கி எல்லாம் வைத்தார்கள். அக்கா உள்ளே போய் அண்ணையின் வேப்பைக் கொண்டுவந்து நண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். செவன் கிங்ஸிலிருந்து வந்திருந்த அக்காவின் தமையனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"உதென்ன பிள்ளை, பேனையோ?"

"இல்லை அண்ணை, அவர் ஊதுறது. சார்ஜ் போட்டுத்தான் வைச்சிருக்கிறன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள்தானே கூட இருந்தனீங்கள். சிகரெட்டும் வைக்கோணுமோ? அவர் அதை விட்டிட்டார்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம் அக்கா, விட்டிட்டார்," என்றேன். கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே நின்றோம். அவருக்கு வேண்டியது என் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து நான் நிறுத்தினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். பிறகு மனேஜரிடம், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு காரியம் கேட்டேன்: என்னைக் கல்லாவிலிருந்து மாற்றிச் சாமான் அடுக்கும் வேலையில் விடுங்கள் என்று. விட்டார். பலம் கூடிய திரவம், தண்ணீர், சீரகம், பத்து நிமிடம். அண்ணை சொன்ன எல்லாவற்றையும், அவர் இல்லாமல், ஒழுங்காகச் செய்தேன். இப்போது திரவத்தின் பலத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். அவர் இருந்தபோது இதைச் செய்ய முடியாமல் போனதுதான் என் வாழ்க்கையின் கணக்கில் சரிவராத இடம்.

அவர் செத்து ஒரு வருடம் நிறைய, ஆட்டைத் திவசம் போன மாதம் வந்தது. ஐயர் வந்து சைவமாகச் செய்த மறுநாள், அவர் விரும்பியதை ஒருமுறை சமைத்துப் படைக்க வேண்டும் என்று அக்கா என்னையும் மனைவியையும் மட்டும் கூப்பிட்டிருந்தார். மனைவிக்கு வேலை, நான் தனியாகப் போனேன். அக்கா மறுபடியும் வேப்பை இலையில் வைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவர் முழுக்க விடேல்லை. வேலையிலை பத்தினவர்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அழவில்லை. சமையலறை மேசையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு, "அப்ப ஒரு வருசமா அவருக்கு வேண்டாததை வைச்சிருக்கிறன்," என்றார். "போய் ஒரு பைக்கட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

முனைக் கடையில் வாங்கினேன். பைக்கட்டு கையில் பட்டதும் வாயில் நீர் ஊறியது. ஒரு வருடம் ஒன்றுமே இல்லை என்பதுபோல.

"பத்தவைச்சு வையுங்கோ," என்றார் அக்கா.

சிகரெட்டை வாயில் வைத்து இழுக்காமல் பற்றவைப்பது கஷ்டம். குத்துவிளக்குச் சுடரில் நுனியைப் பிடித்தேன். கருகி, சிவந்து, அணைந்தது. இன்னொரு முறை பிடித்தேன். அதுவும் அணைந்தது. ஒரே ஒரு இழுப்பு போதும். அது எனக்காக அல்ல, அவருக்காக என்றுகூட மனம் சொன்னது. என் கை வாயருகே போனதை அக்கா பார்த்தார்.

"விடுங்கோ தம்பி. அவருக்குப் பத்தத் தெரியும்."

பற்றாத சிகரெட்டை இலையில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றோம். அப்போது அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "விட்ட மனுசன் திருப்பி எப்பிடித் துவங்கினவர்? ஆர் குடுத்தது?"

அதுதான் நேரம். கதவு சாத்தியிருந்தது, வேறு யாரும் இல்லை.

"கடை முழுக்கச் சிகரெட்தானே அக்கா," என்றேன்.

அக்கா தலையாட்டினார். நம்பிவிட்டார். உள்ளே போய் எனக்கு நண்டுக் கறியோடு சோறு போட்டுத் தந்தார். "நீங்களாவது விட்டீங்களே," என்றார். அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

நாளை வேலை முடிந்து வரும் வழியில் இந்தக் கொப்பியை அக்கா கையில் கொடுப்பேன். அவர் படிக்கும்போது நான் அங்கே நிற்பேன், ஓடமாட்டேன். திட்டினால் கேட்பேன்.

அக்கா, ஆர் குடுத்தது என்று கேட்டீர்கள். நான். அவர் கேட்கவில்லை, நான்தான் நீட்டினேன்.

8 பெப்ரவரி 2026, ஞாயிற்றுக்கிழமை