கொம்புக்கு வர்ணம் அடித்தவர்

தொலைக்காட்சியில் வாராவாரம் ஓடும் ஒரு கார்ட்டூன் தொடருக்கு நான்தான் வசனம் எழுதுகிறேன். குழந்தைகளுக்கானது இல்லை. பெரியவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு, இதையெல்லாம் டி.வி.யில் காட்டுகிறார்களே என்று திட்டுவதற்கானது. அதில் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தை முகத்துக்கு நேரே நக்கலடிக்கும் ஒரு பசு. பசுவின் வாயில் எங்கள் சிங்கவரத்துப் பேச்சைத்தான் போட்டிருக்கிறேன். சாமியார், எம்.எல்.ஏ., மாமியார், டியூஷன் வாத்தியார் என்று அது விட்டுவைத்த ஆள் கிடையாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதன் வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பொங்கல் சிறப்பு எபிசோடு எழுதச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் காலனியில் எங்களுக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, மாட்டுப் பொங்கல் உண்டு, ஊருக்குள் அடுத்தவர் வீட்டில். காலையில் போய் அந்த வீட்டு மாடுகளை ஏரிக்கு ஓட்டுவார். வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, ஈரம் காய்ந்தபின் வர்ணம் அடித்து, புதுக் கயிறு கட்டி வாசல்வரை கொண்டுவருவார். அங்கே கயிறு கைமாறும். வீட்டுக்காரர் கற்பூரம் காட்டிப் பொங்கலை மாட்டுக்கு ஊட்டுவார். நைனா தெருவில் நிற்பார். மாடு உள்ளே போகலாம், அதைக் குளிப்பாட்டியவர் போகக்கூடாது. அவருடைய பங்கு பின்வாசல் வழியாகத் தூக்குச்சட்டியில் வரும். சின்ன வயதில் அந்தப் பொங்கலை நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகு, போகாதே என்று எத்தனையோ முறை சண்டை போட்டுவிட்டேன். "பழகிப் போச்சி, வுடு" என்பார், போய்விடுவார்.

அதை அப்படியே எழுதினேன், சிரிக்கும்படியாகத்தான். தன்னைக் குளிப்பாட்டிய ஆளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று பசு அடம்பிடிக்கும். நல்ல நேரம் முடியப்போகிறது என்று குடும்பமே அதன் காலில் விழும். மாமியார் பசுவின் தாடையைப் பிடித்துத் தொங்குவாள். அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் பசு வாயைத் திறக்கும், அதுவும் ஏப்பம் விட.

குரல் பதிவுக்கு முதல் நாள், தொடரின் பொறுப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மேடம், அந்த ஆளைத் தூக்கிட்டோம். பண்டிகை நாளு, குடும்பத்தோட பாப்பாங்க. அன்னிக்குப் போய் எதுக்கு இதெல்லாம்?"

"வாராவாரம் சாமியாரைக் கிண்டல் பண்றோமே சார், அப்ப குடும்பம் பாக்கறதில்லையா?"

"அது வேற மேடம்."

போனை வைத்துவிட்டார். எப்படி வேறு என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

வெட்டிய படத்தை அனுப்பியிருந்தார். நைனாவை உட்கார வைத்து லேப்டாப்பில் ஓட்டினேன். ஆளை எடுத்த இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். இரண்டு கொம்பிலும் பளபளவென்று வர்ணத்தோடு பசு தானாக ஏரியில் இறங்குகிறது. குளித்துவிட்டு அதே வர்ணத்தோடு வீட்டுக்கு வந்து, சிரித்தபடி சுற்றி நிற்கும் குடும்பத்தின் முன் பொங்கலுக்கு வாயைத் திறக்கிறது.

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமா இது? குளிப்பாட்டறதுக்கு முன்னாடி எவனாச்சும் வர்ணம் அடிப்பானா? வைக்கலப் போட்டுத் தேச்சா அத்தினியும் பூடும்." பிறகு சிரிப்பு நின்றது. "ஆமா, கொம்புல வர்ணம் இருக்குது. அடிச்சவன் எங்க?"

படத்தை அவர்கள் வெட்டிவிட்டார்கள், சரி. வசனம் இன்னும் என் கையில்தான் இருந்தது. பசு வாயைத் திறக்கும் அந்த இடத்தில் அதற்குப் பேச்சு எழுதினேன். பொறுப்பாளரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"மேடம், ப்ளீஸ்."

"இது இருந்தா நான் இருப்பேன். இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து பசுவுக்கு நீங்களே பேசிக்குங்க சார்."

வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். பதிவு முடிந்தும் எனக்கு ஒரு தகவலும் இல்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு எபிசோடு. நைனா தலைக்கு எண்ணெய் வைத்து, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். பாதி ஓடியிருக்கும், வாசலில் பைக் நின்றது. அந்த வீட்டுக்காரரின் மகன், நாற்பது வயது ஆள், படிக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னா, இன்னும் வரலியா? மாட்ட ஏரிக்கு ஓட்டணும்ல?" என்றார்.

அதே நேரம் பசு வாயைத் திறந்தது. "இன்னாத்துக்கு எல்லாரும் இளிக்கிறீங்க? என் கொம்புக்கு வர்ணம் அடிச்சவன எங்க ஒளிச்சி வெச்சீங்க? அவன் உள்ள வந்து உக்காந்து சாப்டட்டும். அப்பறம் நான் துன்றேன்."

நான் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. வாசலில் நின்றவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும்.

இத்தனை வருடமும் அந்தக் குரல் கேட்டால் "தோ வந்துட்டேன்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர் நைனா. இன்று கழுத்தை மட்டும் திருப்பினார்.

"ஏன் தம்பி வெளியவே நிக்கிற? உள்ள வா, உக்காரு. பொங்கல் சாப்ட்டுப் போ. மாட்ட அப்பறம் நீயே ஓட்டிக்கலாம்."

அவர் உள்ளே வரவில்லை. நைனா எழுந்திருக்கவும் இல்லை.