உறைபனி பிந்திய வருடத்துக் கறிவேப்பிலை

எங்கள் வீட்டுப் பின்னறை யன்னல் தெற்குப் பார்த்தது. நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், அதுவும் கீழ்த்தள வீட்டில், அப்படி ஒரு யன்னல் கிடைப்பது அபூர்வம். எதிரே உயரக் கட்டடம் எதுவுமில்லை. எங்கள் பின்வளவு, அதைத் தாண்டி ஒழுங்கை, ஒழுங்கைக்கு அப்பால் தாழ்வான கராஜ் ஒன்று. டிசம்பரிலும் வெயில் உள்ளே வந்து தரையில் விழும். இதை அறிந்தவர்கள் குளிர் தொடங்கும்போது தங்கள் கறிவேப்பிலைச் சாடிகளை எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். மே மாதக் கடைசியில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். தங்கச்சி இதற்குக் கார்டெரி, பிள்ளைக் காப்பகம், என்று பெயர் வைத்திருந்தாள். "காலமை விட்டிட்டுப் போற பிள்ளையள் பின்னேரமாவது வீட்டை போகும். இதுகள் ஏழு மாசம் எங்கட தலையில" என்பாள்.

கார்டெரிக்கு விதிகள் இருந்தன. போட்டது நான். உள்ளே வரமுன் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பிறகு வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும். பிறகு குளியலறையில் ஒரு கிழமை தனியாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் யன்னல். சென் லோரனில் மருந்து செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அறைகளின் காற்றிலும் மேசையிலும் சுவரிலும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் என் பொறுப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தங்கச்சி என்னைக் குடிவரவு ஒஃபிசர் என்று கூப்பிடுவாள்.

இந்த முறை குளிர் வரவில்லை. ஒக்டோபர் முடிந்தும் பின்வளவில் தக்காளி பழுத்துக்கொண்டிருந்தது. வேலியில் பாகற்கொடி இன்னமும் பூத்தது. வேறு வருடங்களில் கறுத்துச் சுருண்டுவிடும் செவ்வந்தியில் தேனீக்கள் வந்து மெதுவாக ஊர்ந்தன. செங்கற்சுவரில் வெயில் படும் இடமெல்லாம் பொறிவண்டுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் வேலையால் வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் இருந்து இவற்றைப் பார்ப்பேன். என் கறிவேப்பிலை அந்தப் படியின் பக்கத்தில் நின்றது. அதன் தண்டில் எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. வரிசை குலையவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஏறுகிறவற்றுக்கும் இறங்குகிறவற்றுக்கும் வயிற்றில் வித்தியாசம் தெரிகிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன். ஏன் ஏறுகின்றன என்று யோசிக்கவில்லை.

எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. நவம்பர் தொடங்கிய பிறகுதான் சாடிகள் வந்தன. இந்த வருடம் மூன்று. மேல்வீட்டுச் சென்னைக்கார அக்காவின் சிறிய செடி ஒன்று. அன்ரியின் செடி. மூன்றாவது என்னுடையது.

அன்ரி எங்களுக்கு இரத்த உறவில்லை. மன்னார் ஆள். மாதா கோயிலில் தமிழ்ப் பூசையில் கண்டு பழகியவர். இரண்டு தெரு தள்ளி ஒரு நிலக்கீழ் வீட்டில் தனியே இருக்கிறார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு செய்து கட்டும் சமையற்கூடத்தில் வேலை. அவருடைய செடியைச் செடி என்று சொல்லக் கூடாது. விதை போட்டு வளர்த்தது, என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய பிள்ளைத் தள்ளுவண்டி ஒன்றில் சாடியை இருத்தி, சீலைத் துண்டால் கட்டி, தெருவால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வழியில ஒரு வெள்ளைக்காரி குனிஞ்சு பாத்தவ, பிள்ளை எண்டு நினைச்சு. பிரெஞ்சில போன்ஷூர் எண்டனான். ஆள் பயந்து போச்சு."

அவருடைய செடியைத் துடைத்தேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். ஒரு கிழமை குளியலறையில் வைத்தேன். மேல்வீட்டு அக்காவின் செடிக்கும் அப்படியே. என்னுடையதைப் படியிலிருந்து தூக்கி நேரே யன்னலடியில் வைத்தேன். அது என்னுடையது. எங்கள் வளவைவிட்டு எங்கும் போகாதது. அதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றையும் நெருக்கித்தான் வைக்க முடிந்தது. அன்ரியின் செடியின் கிளைகள் என் செடிக்குள் புகுந்து நின்றன.

கொஞ்ச நாளில் அன்ரியின் செடியில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பஞ்சுத் துணுக்குப் போல. குச்சியால் தொட்டதும் அசைந்தது. மாவுப்பூச்சி. தேடியபோது இன்னும் ஓரிரு இடங்களில் இருந்தது. மேல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயையோ, என் செடிக்கும் வந்துடுமா? அந்தம்மா மண்ணுல புதைச்சு வெச்சிருந்தாங்களே, அதுல இருந்து வந்திருக்கும்" என்றார் அவர்.

அன்ரி கோடைகாலத்தில் சாடியைக் கழுத்தளவுக்கு மண்ணில் புதைத்து வைப்பார். தண்ணீர் குறைவாக ஊற்றினால் போதும் என்பதற்காக. நான் தலையாட்டினேன். கண்ட இடம் ஒன்று, காரணம் ஒன்று, இரண்டும் பொருந்தின. வேலையில் எவராவது இப்படி அறிக்கை எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பூச்சி முதலில் கண்ணில் பட்ட இடம் அது தொடங்கிய இடமாக இருக்க வேண்டியதில்லை. எல்லா இடத்தையும் பார்த்தீர்களா என்று கேட்டிருப்பேன். இங்கே நான் என் சாடியைத் தொடவும் இல்லை.

அன்ரிக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பினேன். மரியாதையாகத்தான் எழுதினேன், இலக்கம் போட்டு. உங்கள் செடியில் மாவுப்பூச்சி இருக்கிறது. மண்ணிலிருந்து வந்திருக்கலாம். மற்றச் செடிகளுக்குப் பரவும். தயவுசெய்து திருப்பிக் கொண்டுபோக முடியுமா. அவர் அன்று பின்னேரமே தள்ளுவண்டியோடு வந்தார்.

"ஐயோ பிள்ளை, உன்ர வீட்டுக்கும் நான் கொண்டந்து விட்டிட்டனே" என்றார்.

"பரவாயில்லை அன்ரி."

பரவாயில்லை என்று நான் சொன்னேன். மன்னிக்கிற ஆள் மாதிரி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் நிலவறையில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். அன்ரி ஒவ்வொரு பெண்ணிடமும் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "போன மாசம் தந்த இலை வீட்டில இருந்தா எறிஞ்சு போடுங்கோ. என்ர மரத்தில பூச்சி. குறை நினைக்காதேங்கோ." ஒருத்தி கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு, "நாங்கள் அதைச் சாப்பிட்டும் முடிச்சிட்டம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, "பிளேன் சாப்பாட்டையும் இப்பிடித்தானோ அன்ரி?" என்று கேட்டாள். பகிடிதான். அன்ரியும் சிரித்தார். கழுத்துவரை சிவந்திருந்தார்.

என்னிடம் வந்தபோது, "மரத்தை வெளியில விட்டிட்டன், மகள்" என்றார். "எங்கட வேலையிடத்தில ஒரு பூச்சி கண்டா முழுத் தட்டும் குப்பைக்கு. வீட்டில மட்டும் வேற நியாயமோ?"

குப்பைக்குப் போய்விட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படும் நேரம், யன்னல் விளிம்பில் எறும்பு வரிசை ஒன்றைக் கண்டேன். நவம்பரில், வீட்டுக்குள். மேல்வீட்டு அக்காவின் சாடியைத் தொடாமல் கடந்து, என் சாடியின் அடியில் தண்ணீர் வடியும் துவாரத்துக்குள் போனது. சாடியைச் சரித்து, தட்டி, மண்ணோடு செடியை வெளியே இழுத்தேன். வேர்களுக்கிடையில் கோதுமை மாவைக் கொட்டிப் பிசைந்தது போல வெள்ளை. சாடியின் உட்சுவரிலும் அப்பியிருந்தது. ஒரு கிழமையில் வளர்ந்ததல்ல. கோடை முழுக்க இருந்து பெருகியது. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கியது இதற்காக. மாவுப்பூச்சி விடும் இனிப்பை எறும்பு உண்ணும், பதிலுக்கு அதைக் காத்துக்கொண்டு திரியும். இதை நான் படித்திருக்கிறேன்.

தங்கச்சி பல்துலக்கியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அன்ரின்ர மரத்துக்கு இஞ்சயிருந்துதான் போனதா?"

"அப்பிடித்தான் இருக்கும்."

"ஒஃபிசருக்கே பாஸ்போட் இல்லை" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவே போன் அடிச்சுச் சொல்லுங்கோவன் அக்கா" என்றாள்.

நான் அடிக்கவில்லை. உறுதி செய்யாமல் ஒன்றையும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வேரைக் கழுவி, பூதக்கண்ணாடியால் பார்த்து, படம் எடுத்து, மேல்வீட்டுச் செடியையும் சோதித்து, அதன் பிறகு நேரில் போய், தகுந்த சொற்களோடு. எப்படியும் மரம் போய்விட்டது, இரண்டு நாள் பிந்தினால் என்ன மாறிவிடப்போகிறது என்றும் நினைத்தேன். இப்போது பார்க்கும்போது இதில் உறுதி செய்வது என்பது மிகச் சிறிய பகுதி. மிச்சமெல்லாம் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயம்.

புதன் இதமாக இருந்தது. வியாழனும் அப்படியே. தேனீ ஒன்று செவ்வந்தியில் வந்திருந்ததைக் கண்டேன். வெள்ளி இரவு உறைபனி என்று அறிவித்தார்கள். வேலையால் வந்ததும் மிளகாய்ச் செடிகளைப் பழைய போர்வையால் மூடினேன். மிச்சத் தக்காளிகளைப் பிடுங்கி, குசினி மேசையில் நிறவாரியாக அடுக்கினேன். எதையும் மறக்கவில்லை. சனி காலை பாகற்கொடி வேலியில் அவித்த கீரை மாதிரித் தொங்கியது.

அன்ரி வீட்டுக்கு ஞாயிறு மத்தியானம் போனேன். அவர் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். பூச்சி என் சாடியில்தான் தொடங்கியது, அன்ரி. உங்கட மரத்தில இருந்து வரேல்ல. நான் என்ர சாடியைப் பாக்கேல்ல. பாக்காமல் உங்களுக்குச் சொல்லிப்போட்டன்.

அவர் கையிலிருந்த துணியால் அடுப்பை ஒருமுறை துடைத்தார்.

"எப்ப கண்டனி?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் சப்பாத்தை மாட்டினார். கதவைத் திறந்து படியேறி வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்க ஒழுங்கைக்குப் போனோம். அங்கே வேலியோரம், வெயில் படும் மூலையில், சாடி நின்றது. குப்பைக்குப் போகவில்லை. இலைகள் முழுக்கக் கறுத்து, தண்டோடு ஒட்டித் தொங்கின.

"எறிய மனம் வரேல்ல" என்றார் அன்ரி. "ஒவ்வொரு இலையாச் சவர்க்காரம் போட்டுக் கழுவினனான். குளிர் வரேல்லைத்தானே, நிக்கட்டும், ஆரும் வெளிச்சம் உள்ள ஆக்கள் கேட்டாக் குடுப்பம் எண்டு விட்டனான். என்ர அறைக்குள்ள வைச்சா இருட்டில சாகும். வெள்ளிக்கிழமை எனக்குப் பின்னேர வேலை. பூச்சி பிடிச்சதை ஆர் வீட்டை கொண்டுபோய் வைக்கச் சொல்லிக் கேக்கிறது?"

எங்கள் வீட்டு யன்னலடியில் அதற்குரிய இடம் வெறுமையாகத்தான் இருந்தது. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை எந்த நேரம் நான் தொலைபேசியை எடுத்திருந்தாலும் அவர் தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்.

"அன்ரி, என்ர செடியை நீங்கள்…" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிற்பாட்டினார். கோபம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்" என்றார். "ஒரு கேள்வி கேக்கேல்ல நான்."

பிறகு உள்ளே பச்சை இருக்கிறதா என்று தண்டின் தோலை நகத்தால் சுரண்டினார். பழுப்பு. கீழே இறங்கிச் சுரண்டினார். அதுவும் பழுப்பு. மண்ணோடு ஒட்டிய இடம்வரை சுரண்டிப் பார்த்துவிட்டு, "பிடி" என்றார். நான் சாடியைப் பிடித்தேன். அவர் இரண்டு கையாலும் தண்டைப் பற்றி அசைத்து இழுத்தார். இறுகியிருந்த மண், சாடியின் வடிவிலேயே முழுக்கட்டியாக வெளியே வந்தது. அதை வேலியடியில் சரித்து வைத்தார்.

"பார். பூச்சி இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "இல்லை அன்ரி."

"வடிவாப் பார்."

முழந்தாளிட்டேன். மண்ணை விரலால் உதிர்த்து, வேர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அடியில் பார்த்தேன். பக்கங்களில் பார்த்தேன். சாடிக்குள்ளும் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். விரல் நுனிகள் குளிரில் மரத்தன. ஈர மண்ணையும் வேரையும் தவிர வேறொன்றும் இல்லை.

"ஒண்டும் இல்லை, அன்ரி. சுத்தமா இருக்கு."

அவர் சாடியைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாற ஞாயிறு பூசை முடிய நிலவறைக்கு வா. வந்து இதை அவையளுக்குச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டினம்."