லண்டன் கார் சாவி

என் மகனுக்கு இடது கண் போன அன்று, அந்தக் காரின் சாவி என் சேலை முந்தியில் முடிச்சாக இருந்தது. இடுப்பில் செருகியிருந்தேன். மதுரையில் பெரிய டாக்டர் என்னிடம் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் எழுதுகிறேன்.

திருச்சுழியிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, கருவேலங்காட்டுக்கு நடுவே இறங்கினால் எங்கள் ஊர். ஊர்க் கடைசியில் மொதலாளி வீட்டுக்காரர்கள் கட்டிய ஒரு மச்சு வீடு சும்மா கிடந்தது. அதில் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் வாடகைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. அவர் அந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். இங்கே அமைதியாக இருந்து கண்ணை மூடி தியானம் பண்ண வந்தார்கள். நான் சோறாக்கி, பாத்திரம் கழுவிக் கொடுக்கப் போனேன். யாரோடும் அதிகம் பேசத் தெரியாதவள் என்பதால்தான் என்னை வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். பேசினாலும் அவர்களுக்குப் புரியப்போவதில்லை.

அவர்கள் கார் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கியது. வேன் மாதிரி உயரம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. முன்னால் நம்பர் வெள்ளைப் பலகையில் இருக்கும், பின்னால் மஞ்சள் பலகையில் இருக்கும். நம் ஊரில் வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் வாடகை வண்டி. அருப்புக்கோட்டை டவுனில் போலீஸ்காரர் நிறுத்தி, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "இது சொந்தமா, டாக்ஸியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கய்யா" என்று கேட்டாராம். பக்கத்துப் பாளையம்பட்டிக் கடைக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய மறுநாளே வீட்டுச் சொந்தக்காரர் அதைப் போலீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆளைத் தங்க வைத்தால் அப்படி ஒரு சட்டமாம். ஒரு தடவை வந்தால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே போய்த்தான் திரும்பி வர வேண்டும். காருக்குத் தனிச் சட்டம். அதற்கும் பாஸ்போர்ட்டு மாதிரி ஒரு புத்தகம், அதிலே துறைமுகத்து முத்திரை. குறித்த நாளுக்குள் அதே கார் திரும்பக் கப்பலேற வேண்டும். விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. இந்த ஊர்க்காரர் யாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கூடாது. பிடித்தது தெரிந்தால் காரை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்.

அவர்களுக்கு லண்டனில் வீடு கிடையாது. வீட்டை விற்றுத்தான் அந்தக் காரை வாங்கினார்கள். காரைக் காட்டி அந்தம்மா தனக்குத் தெரிந்த தமிழில் "இது எங்க வீடு" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மொதலாளியின் தம்பியை ஊரில் சின்னவர் என்போம். அவர்கள் காட்டில் நானும், காலமாகிவிட்ட என் வீட்டுக்காரரும் களையெடுத்திருக்கிறோம், மிளகாய் பறித்திருக்கிறோம். இப்போது யாரும் அவர்களை நம்பி இல்லை. என் மகன் அருப்புக்கோட்டையில் ஒரு கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டினான். அதுவே சின்னவருக்கு ஆகாது. ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு லண்டன் கார் வேண்டும் என்று கேட்டு வந்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர்களுக்கு ஆறு மாதம் முடிகிறது. கொழும்புக்குப் போய்ச் சில வாரம் கழித்து வந்து, காரைக் கப்பலேற்ற வேண்டும். வெள்ளைக்காரர் கையைக் கூப்பி, முடியாது என்றார்.

சின்னவர் அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "வெள்ளக்காரன் ஓட்டுனா ஓடுமாம், நான் ஓட்டுனா ஓடாதாம். ஸ்டியரிங்கு ரெண்டு பேருக்கும் ஒரே பக்கந்தானலே இருக்கு?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கிளம்புகிற அன்று அந்தம்மா என் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு போனில் ஏதோ பேசி என் காதருகே பிடித்தார். போன் தமிழில் சொன்னது: "தயவுசெய்து உள்ளூர்வாசிகள் எவரும் இந்த வாகனத்தை இயக்க அனுமதிக்க வேண்டாம். உங்கள் மகனையும்கூட." நான் தலையை ஆட்டினேன். அந்தம்மாவுக்கு அது போதவில்லை. கையை நீட்டினார். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பத்து நாளில் ஆயுத பூஜை வந்தது. ஊரில் டிராக்டர், பைக், மருந்தடிக்கிற மெஷின், கதிர் அரிவாள் வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் அந்தக் கார் மட்டும் தூசி படிந்து நின்றது.

மருமகள்தான் ஆரம்பித்தாள். "அத்தே, அதுவும் ஒரு வண்டிதான. நம்மள நம்பி விட்டுட்டுப் போயிருக்காக. பூசை இல்லாம நின்னா, போற வழியில கப்பல்ல ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?"

எனக்கும் நெஞ்சு கேட்கவில்லை. என் மகன் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தான். மாலை போட்டான். சூடம் காட்டினான். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பழத்தின் மேல் ஏறி இறங்காமல் வண்டிப் பூசை முடியாது.

"சாவியக் குடும்மா."

"ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காகடா."

"இது ஓட்டுறதாம்மா? நாலு முழம் உருட்டுறது. வாசலைத் தாண்ட மாட்டேன்."

முந்தி முடிச்சை நானே அவிழ்த்தேன். கார் நன்றாக வாழட்டும் என்று அவிழ்த்தேன். அவன் ஏறி உட்கார்ந்தான். கார் பழங்களை நசுக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்து, அப்படியே திரும்ப உள்ளே போனது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மருமகள் போனில் படம் பிடித்தாள். பாட்டு ஒன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். நான் சாவியைத் திரும்பவும் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் சின்னவர் நாலு பேரோடு வந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். இத்தனை வயதில் அவர் முகம் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்க உன் மகாராசா? லண்டன் ரோட்டுல ஓட்டிட்டு வாரானா?"

என் மகன் துண்டோடு கொட்டகைப் பக்கமிருந்து வந்தான். "மொதலாளி, எலுமிச்சம்பழத்துக்குத்தான்…"

"எம்மகளுக்குக் குடுக்காத காருல உனக்கு மாலையாடா?"

பேசி முடிக்கும் முன்பே கன்னத்தில் அறைந்தார். இவன் கையை மடக்கித் தடுத்தான். திருப்பி அடிக்கவில்லை, தடுத்தான். அது போதுமாக இருந்தது. ஒருவன் பின்னால் வந்து தலைமுடியைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப்போய்க் காரின் மேல் மோதப் போனான்.

"ஏலே, கார்ல படாம அடிங்கடா!" என்று சின்னவர் கத்தினார்.

அவர்கள் அவனைக் கொட்டகையை விட்டு வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். அவர்கள் காலடியில் முதல்நாள் நசுங்கிய பழத்தோல் கிடந்தது. வயிற்றில் மிதித்தார்கள். அவன் சுருண்டபோது முதுகில் மிதித்தார்கள். ஒருவன் எங்கள் பைக்கைத் தள்ளி, வயரைப் பிடுங்கி எறிந்தான். இன்னொருவன் கையில் ஜாக்கி ராடு இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடிக்கு அவன் முகத்தைத் திருப்பினான். திருப்பியிருக்கக் கூடாது.

சாவியைக் கொடுத்தது நான்தான், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கதவின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போகும்போது ஒருவன் காரைச் சுற்றி வந்து, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.

மருமகள் குளத்திலிருந்து துவைத்த துணியோடு ஓடி வந்தாள். மகனின் முகத்தில் இடது பக்கம் எது கண், எது சதை என்று தெரியவில்லை. நான் முந்தியால் பொத்தினேன். சூடாக என் முழங்கை வரை ஓடியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வண்டி வீரசோழன் ஊர்ப் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். ஊருக்குள் அந்நேரம் வேறு கார் இல்லை, டிராக்டரில் ஏற்றினால் ஆஸ்பத்திரிக்கு வெகுநேரமாகும்.

பக்கத்து வீட்டில் டிராக்டர் ஓட்டுகிறவன், எனக்கு மகன் முறை, என் முன்னால் வந்து கையை நீட்டினான். "சின்னம்மா, சாவியக் குடு. நான் ஓட்டுறேன். இருவது நிமிசத்துல ஆஸ்பத்திரி."

என் கை முடிச்சின் மேல் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நேற்று நாலு முழம் உருட்டியதற்கே இந்த அடி. ரோட்டில் ஏறினால் ஊரே பார்க்கும், போலீஸ் நிறுத்தும், வெள்ளைப் பலகையும் மஞ்சள் பலகையும் காட்டிக்கொடுக்கும். அரசாங்கம் காரை எடுத்துக்கொள்ளும். கிழவனும் கிழவியும் வீடில்லாமல் நிற்பார்கள். ஒரு தடவை சத்தியத்தை மீறினேன், கண்ணெதிரே ரத்தம் வந்தது. இன்னொரு தடவை மீறினால் மிச்ச உயிரும் போய்விடும் என்று புத்தி சொன்னது. அதைப் புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

"குடு அத்தே!" என்று மருமகள் என் இடுப்பைப் பிடித்தாள். நான் முடிச்சை இறுக்கிப் பிடித்தேன். அவள் என் கையைப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. குனிந்து மணிக்கட்டில் கடித்தாள். பல் இறங்கியது. நான் அவளை அறைந்தேன். வந்த நாளிலிருந்து அவளை நான் தொட்டு அடித்ததில்லை. அவள் விழுந்த இடத்திலிருந்து, "அவரு கண்ணு போகுதுடி! உம்மகன் கண்ணுடி!" என்று அலறினாள். என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டிராக்டர்காரன் என்னிடம் பிடுங்கத் தயங்கி நின்றான். பெண்பிள்ளையின் இடுப்பில் கை வைக்க அவனுக்குக் கூச்சம்.

என் மகன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் மடித்து வைத்த துணி மூன்று முறை நனைந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் தையல் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சின்னவர் மேல் கேஸ் எழுதினார்கள். அவர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். கல்யாணம் நடந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. சமாதானம் பேச ஆள் வருகிறது. என் மகன் எழுந்து உள்ளே போய்விடுவான்.

வெள்ளைக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். நான் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். காரின் மேல் கட்டிய மாலை காய்ந்து தொங்கியது. விஷயத்தை யாரோ வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னார்கள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "ஏன் குடுக்கல? ஏன்? ஏன்?" அந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டாரோ. வெள்ளைக்காரர் தரையிலிருந்தே போனில் பேசினார். போன் அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னது: "உயிருக்கு ஆபத்து என்றால் நீங்கள் எடுத்திருக்கலாம். அது ஒரு வாகனம் மட்டுமே."

இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். கூடாது என்றால் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் கூடும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கார் சொன்ன நாளுக்குள் தூத்துக்குடி போய்க் கப்பலேறியது.

மருமகள் இப்போது 'அத்தே' என்று பழையபடி கூப்பிடுகிறாள். மணிக்கட்டில் பல் தடம் இருக்கிறது. மகனைக் கம்பெனியில் வண்டியிலிருந்து இறக்கி, குடோனில் மூட்டை எண்ண விட்டிருக்கிறார்கள். ஒரு வருசமாக அவன் அந்தக் காரைப் பற்றிப் பேசியதே இல்லை. போன ஆயுத பூஜையன்று கடையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். பைக்குக்கு வைக்கலாம் என்று அவனிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

"ஏம்மா, இதுக்குச் சாவியக் குடுத்தியேம்மா?"